கார் ஷெட்டுக்கு வாங்கிய ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேஜ், அதாவது தகட்டின் தடிமன் எண், என்ன என்று கேளுங்கள். நான்கு மூலையிலும் நிற்கிற, வரிசையாக ஓட்டை போட்ட, L வடிவில் மடித்த அந்த இரும்பு ஆங்கிள் 14 கேஜா, 16ஆ, 18ஆ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 14 கேஜ் என்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2. பெயின்ட் அடித்துக் கடை வாசலில் நிறுத்தி வைத்தால் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பித்தளை அண்டாவை ஏற்றி வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். தொண்ணூறுகளில் கட்டியது. கார் ஷெட் 17 அடிக்கு 10 அடி, முன்னால் ரோலிங் ஷட்டர். அதில் கார் நின்ற காலம் கொஞ்சம்தான். மாடியில் இடமில்லாதது, தூக்கிப் போட மனம் வராதது, யாரோ வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று வைத்தது என எல்லாமே அங்கேதான் போய்ச் சேர்ந்தது. மாமனார் ஓட்டிய சைக்கிள், பழைய டிவி, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், பிவிசி குழாய்த் துண்டுகள், பாதி காலியான பெயின்ட் டப்பாக்கள், கட்டுக் கட்டாக வாரப் பத்திரிகைகள். இவற்றுக்கு நடுவில் அத்தையின் கொலு பொம்மைகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் இருந்தன. பண்ருட்டி மண்பொம்மைகள், காஞ்சிபுரம் காகிதக்கூழ் பொம்மைகள், அத்தையின் அம்மா கொடுத்த ஒரு ஜோடி மரப்பாச்சி. இந்தப் பெட்டிகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஷெட்டைச் சரிசெய்யும் வேலையையே எடுத்தேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் தண்ணீர். 2015 டிசம்பரிலும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு கொஞ்சம் உயர, வீட்டுத் தரை அதே இடத்தில் இருந்துவிட்டது. மிக்ஜாம் சமயத்தில் ஷெட்டுக்குள் ஒன்றேகால் அடி வரை தண்ணீர் ஏறியது. பெட்டிகளை மாடிப்படியில் தூக்கி வைத்துக் காப்பாற்றினோம். எழுபது வயது தாண்டிய அத்தை அந்த ராத்திரி முழுக்கப் படியில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி அவருக்கு அந்தக் கவலை வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ரேக்குக்கு முன்னால் வேறு வழிகளையும் பார்த்தோம். ஆசாரி வந்து பிளைவுட்டில் அலமாரி அடித்துத் தருகிறேன் என்றார். எங்கள் பக்கத்து மண்ணில் கரையான் அதிகம், ஈரச் சுவரை ஒட்டிய பிளைவுட் எத்தனை வருஷம் தாங்கும்? வேண்டாம் என்றோம். சுவரில் சிமென்ட் பரண் போடலாம் என்றார் கொத்தனார். அது நல்ல யோசனைதான், வெள்ளத்துக்கும் பயமில்லை. ஆனால் அத்தைக்கு ஏணி ஏறாமல் பொருள் எடுக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் அடுக்கு ஒன்றும் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. நாலைந்து பெயின்ட் டப்பா வைத்த உடனே அதன் நடுத்தட்டு தொய்ந்துவிட்டது. துணிக்கும் பொம்மை காருக்கும் அது போதும், ஷெட்டுக்கு ஆகாது. பழைய பீரோ ஒன்றைப் போடலாமா என்ற யோசனையும் வந்தது. மூடிக் கிடக்கிற பீரோவுக்குள் ஓதம் தங்கும். காகிதக்கூழ் பொம்மைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஈரம் பட்டால் கூழ் இளகி வர்ணம் செதில் செதிலாக உதிரும்.

ஆக, நாலு பக்கமும் காற்றோட்டம் உள்ள இரும்பு ரேக்தான் சரி. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தோம். அளவு சொன்னால் வெட்டித் தருகிறார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பி மாட்டியும் தருகிறார்கள். கடைக்காரர் பொறுமையானவர். நான் ஷெட்டின் அளவைக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கார் கதவு எந்தப் பக்கம் திறக்கும்மா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எங்களுடையது சின்னக் கார், அகலம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். ஷெட்டின் 10 அடியில் அது போக நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. 18 அங்குல ஆழத்தில் ரேக் கேட்டிருந்தேன். ஓட்டுநர் பக்கக் கதவை நன்றாகத் திறக்க இடம் வேண்டும், பக்கச் சுவரில் 15 அங்குலமே போதும், 18 அங்குலத்தைப் பின்சுவரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அப்படியே செய்தோம். பக்கத்தில் மூன்று, பின்னால் ஒன்று. எல்லாம் 6 அடி உயரம், 3 அடி அகலம். இன்று காரை உள்ளே விட்டுவிட்டு இரண்டு கையிலும் பையோடு தாராளமாக இறங்க முடிகிறது.

ஒரு ரேக்குக்கு ஐந்து தட்டு. ஆங்கிள் 14 கேஜ், தட்டு 20 கேஜ், தட்டுக்கு அடியில் நடுவில் ஒரு பட்டி வைத்து வெல்டிங் செய்தது. இந்த அடிப்பட்டியைக் கேட்டு வாங்குங்கள். 3 அடி அகலத் தட்டில் நடுவில்தான் பாரம் இறங்கும்; பட்டி இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் தட்டு குழிவாகும். அதேபோல மூலைத் தகடு. முக்கோணமாக, கை அளவுக்கு இருக்கும். மேலும் கீழும் மூலைகளில் இதைப் போட்டு முறுக்கினால்தான் ரேக் ஆடாமல் நிற்கும். சில கடைகளில் இதைத் தனிக் கணக்காகச் சொல்கிறார்கள், சில கடைகளில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். எங்கள் கடையில் விலையோடு சேர்த்தே கொடுத்தார்கள். பக்கச் சுவர் ரேக் ஒவ்வொன்றும் 4,200 ரூபாய், பின்சுவருக்கானது 4,700. ஜிஎஸ்டியும் வண்டிக் கூலியும் தனி. 18 கேஜில் இதைவிட ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்று அவரே சொன்னார், ஆனால் அண்டா வைக்கப்போகிறவர்களுக்கு அதைத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

இந்த ரேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, தட்டை எந்த உயரத்திலும் மாட்டலாம் என்பதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் இலண்டனில் டெமெட்ரியஸ் கோமினோ என்ற பொறியாளர் இந்த ஓட்டை போட்ட ஆங்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் அச்சகம் நடத்தியவர். தேவை மாறும்போதெல்லாம் பழைய அலமாரியை உடைத்துப் புதிதாக அடிப்பதற்குப் பதிலாக, கழற்றி வேறு வடிவத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்பதே அவருடைய யோசனை. எங்கள் ஷெட்டில் அந்த யோசனைக்கு முழுப் பயன் கிடைத்தது. வழக்கமாகத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் முதல் தட்டை மாட்டுவார்கள். நான் 20 அங்குலத்தில் மாட்டச் சொன்னேன். மாட்ட வந்த தம்பி, "அடியில இடம் வீணாப் போகுதேக்கா" என்றார். மிக்ஜாம் தண்ணீர் நின்ற கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. அதைக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை எடுத்தார். தட்டுக்குக் கீழே இருப்பது வீண் இடமும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, பிளாஸ்டிக் வாளி, ரப்பர் ஹோஸ் என்று நனைந்தாலும் கெடாததெல்லாம் அங்கே இருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். சரக்கு குட்டி யானையில் வந்தது, கட்டாமல் அடுக்கியிருந்ததால் ஒரு தட்டின் விளிம்பு நசுங்கியிருந்தது. சொன்னதும் மறுவாரமே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. பவுடர் கோட்டிங் நன்றாகவே இருக்கிறது; வெட்டிய முனைகளில்தான் வெறும் இரும்பு தெரிகிறது. கோட்டிங் செய்து முடித்த நீளமான ஆங்கிளை நமக்காக வெட்டும்போது அப்படித்தான் ஆகும். கடையிலேயே துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு தடவி அனுப்பியிருக்கலாம். கேட்டதற்கு, கேட்கிறவர்களுக்கு மட்டும் செய்வோம் என்றார்கள். கேளுங்கள். முனை கூராகவும் இருக்கும், குழந்தைகள் ஓடுகிற வீடென்றால் பிளாஸ்டிக் மூடி போடாமல் விடாதீர்கள். இன்னொன்று, சுவரோடு பிடித்து நிறுத்த ஆங்கர் போல்ட் கொண்டுவரவில்லை. ரேக் தானாக நிற்கிறதே, எதற்கு என்பது மாட்ட வந்தவர்களின் எண்ணம். 6 அடி உயரமும் 15 அங்குல ஆழமும் உள்ள ஒன்றின் மேல்தட்டை ஒரு குழந்தை பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும்? பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு இடத்தில் சுவரோடு முறுக்கினோம். இது கடையே செய்திருக்க வேண்டிய வேலை.

ரேக் வருவதற்கு முன்னால் தரையை முடித்துவிடுவது நல்லது. எங்கள் பழைய சிமென்ட் தரை பெருக்கப் பெருக்கத் தூசி விட்டது. எபாக்ஸி என்கிற பிசின் பூச்சு போட்டால் கண்ணாடிபோல இருக்கும் என்று ஒருவர் சொன்னார். தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிற இடத்தில் எபாக்ஸி கொப்பளித்து உரிந்து வரும், எங்கள் பகுதிக்கு அது ஒத்துவராது. பார்க்கிங் டைல்ஸ் போட்டோம், ஷட்டர் பக்கம் வாட்டம் வைத்து. சொரசொரப்பாக இருப்பதால் மழை நாளிலும் கால் வழுக்குவதில்லை. ஷட்டருக்கு அடியில் இருந்த இடைவெளிக்கு ரப்பர் பட்டை, சன்னலுக்குக் கம்பி வலை. எலி வருவது அத்தோடு நின்றது.

கழித்த பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ரேக் வாங்குகிற பலரும் குப்பையையே அழகாக அடுக்கி வைத்துவிடுகிறார்கள். பத்திரிகைக் கட்டுகளைப் பேப்பர்காரர் எடுத்துக்கொண்டார். துருப்பிடித்த கம்பியும் உடைந்த மிக்சியும் காயலான் கடைக்குப் போயின. கிழிந்த மெத்தையும் கால் உடைந்த சோபாவும்தான் பெரிய தொல்லை. சென்னை மாநகராட்சி இப்போது சனிக்கிழமைகளில் இவற்றை வீட்டுக்கே வந்து எடுக்கிறது; 1913 எண்ணில் சொன்னால் போதும். காய்ந்த பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, பழைய சிஎஃப்எல் பல்பு ஆகியவற்றை மற்ற குப்பையோடு கலக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே இவை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லப்பட்டிருந்தன. சிஎஃப்எல்லில் பாதரசம் இருக்கிறது, குப்பை பிரிக்கிற கைகளில் அது உடையக்கூடாது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கிய கடையிலேயே விலை கழித்து எடுத்துக்கொண்டார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை ரேக்குக்குள் வைக்கலாமா என்று கடைக்காரரிடமே கேட்டேன். வேண்டாம் என்றார், அது சரியான பதில். சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். பக்கத்தில் தின்னர் டப்பா இருந்தால் ஆபத்து. இப்போது பேட்டரி சன்னல் ஓரத்தில் தனியாக, உயரமான ஸ்டாண்டில் இருக்கிறது. பெயின்ட், தின்னர் எல்லாம் எதிர் மூலையில்.

அடுக்கியது அத்தையின் சொல்படிதான். அண்டாக்களும் டைல்ஸ் பெட்டியும் முதல் தட்டில். பாரம் கீழே இருந்தால்தான் ரேக் நிலையாக நிற்கும். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூடியுள்ள கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டிகளில், இடுப்பு உயரத் தட்டில் வைத்தோம். டிரங்குப் பெட்டிகள் காலியாகிவிட்டன. "தசாவதாரம்", "கல்யாண செட்", "செட்டியார் கடை" என்று ஒவ்வொரு பெட்டியிலும் அத்தையே எழுதி ஒட்டினார். அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கக்கூடாது என்பது வீட்டில் இப்போது எழுதாத சட்டம்.

மாட்டிய ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை முறுக்க வேண்டும், பாரம் ஏறியதும் கொஞ்சம் தளர்கிறது. எங்கள் ரேக்குக்கு 13 எண் ஸ்பேனர் பொருந்துகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே இருபது போல்ட் நட்டும் இரண்டு தட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதே அளவு, அதே நிறம் பின்னால் கிடைப்பது சிரமம்; நான் இப்போது ஆறாவது தட்டுக்காகக் கடைக்காரர் அடுத்த லாட் அடிப்பதற்குக் காத்திருக்கிறேன்.