"200 மணி நேரம் ஓடட்டும் சார்" என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள்

போன மாதம் 62,000 ரூபாய் கொடுத்து ஒரு டிஏசி வாங்கினேன். டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றித் தரும் பெட்டி, அவ்வளவுதான். 7,000 ரூபாய்க்கு வாங்கிய பழையது ஒன்று வீட்டில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கடையின் பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாராவது தப்பிக்கட்டும்.

பழைய பெட்டியையும் கொண்டுவரச் சொன்னதே கடைக்காரர்தான். "மீட்டரெல்லாம் எதுக்கு சார், உங்க காதுதான் நீதிபதி" என்றார். எனக்கு மனப்பாடமான ஒரு வீணைக் கச்சேரியை முதலில் பழையதில் போட்டார், அப்புறம் புதியதில். வால்யூம் குமிழைத் தொடவில்லை என்று கையை வேறு தூக்கிக் காட்டினார். புதியதில் மிருதங்கக்காரர் நாலடி முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கார்டைத் தேய்த்துவிட்டேன்.

வீட்டில் வழக்கமான சத்தத்தில் வைத்துக் கேட்டால் அந்த மிருதங்கத்தைக் காணோம். மூன்றாம் நாள் போன் செய்தேன். "புதுசு இல்லையா, 200 மணி நேரம் ஓடினாத்தான் செட் ஆகும்" என்றார். நானும் நம்பி ஓட்டினேன். பில்லில் திருப்பித் தர 7 நாள் கெடு. இரவு பகலாக ஓட்டினாலும் 7 நாளுக்கு 168 மணி நேரம்தான்! இந்தக் கணக்கை நான் போட்டது ஒன்பதாம் நாள்.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். இரண்டு பெட்டியிலும் 100 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஒலி) முழு அளவில் ஓட்டினால் பழையது 2 வோல்ட் தருகிறது, புதியது 2.5. கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடுதல். இவ்வளவு சின்ன வித்தியாசம் பல நேரம் 'சத்தம் கூடிவிட்டது' என்று படாது, 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் படும். குமிழைத் தொடாததே வித்தை.

புதியதை 1.9 டெசிபல் குறைத்து, இரண்டையும் ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, தங்கை மகனைப் பின்னால் உட்கார வைத்துக் காசு சுண்டி மாற்றச் சொன்னேன். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று 16 முறையில் 7 முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கு இல்லை என்று வாதாடவாவது 12 தேவை.

ஆடியோ நண்பர் ஒருவர், "மறைச்சு வெச்சுக் கேட்டா பதற்றத்துல நுணுக்கம் பிடிபடாது" என்று சண்டைக்கு வந்தார். இருக்கலாம். ஆனால் கடையில் அரை நிமிடத்தில் பிடிபட்டதே? மறைத்துக் கேட்பதிலும் நீதிபதி காதுதான், விலைச் சீட்டு மட்டும்தான் தெரியாது. 1994இல் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஓலிவும் 40 பேருக்கு ஒரே ஸ்பீக்கர்களை மறைத்தும் காட்டியும் போட்டுப் பார்த்தார்கள். காட்டியபோது, பெரிய விலைப் பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, மலிவான சின்னதற்கு இறங்கியது. அத்தனை பேரும் அந்த நிறுவனத்து ஊழியர்கள்தான்! ஸ்பீக்கர்களுக்குள் உண்மையான வித்தியாசம் உண்டு, மறைத்து வைத்தாலும் தெரியும். அதற்குச் செலவழிப்பதை நான் தடுக்கமாட்டேன்.

கடையில் பேசிப் பார்த்தேன். பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், அதுவும் வேறு பொருள் வாங்கினால். டெமோவுக்குப் போகிறவர்கள் ஒரு மல்டிமீட்டரும் ஃபோனில் ஒரு டோனும் கொண்டுபோங்கள். சத்தத்தைச் சமப்படுத்த மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.