ஓடாத ஃபோர்க்லிஃப்டில் உட்காரவைத்துச் சான்றிதழ் தருகிறார்கள்: பணம் கட்டுமுன் படியுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி) ஓட்டும் வேலை தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். "ஒரே வாரத்தில் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ், அரசு அங்கீகாரம், வேலை உறுதி" என்ற நோட்டீஸை நம்பி 12,000 ரூபாய் கட்டினேன்.

தகரக் கொட்டகையில் பழைய டீசல் வண்டி ஒன்று நின்றது. அதில் பேட்டரியே இல்லை. ஆளுக்கு ஆள் ஹெல்மெட்டை மாட்டி, இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அதே ஹெல்மெட் அடுத்தவர் தலைக்குப் போனது. மற்றபடி முழுக்க வீடியோதான், அதுவும் இந்தியில். எப்போது ஓட்டுவோம் என்று கேட்டால், "கம்பெனியில் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள் தம்பி" என்றார் பயிற்சியாளர். அப்படியானால் உங்களுக்கு எதற்கையா பணம்?

ஒரகடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். சான்றிதழை யாரும் புரட்டவில்லை. நேரே வண்டியிடம் அழைத்துப் போனார்கள். மேற்பார்வையாளர் எடை அளவு பொறித்த தகட்டைத் தொட்டு, "2000 கிலோ, 500 மி.மீ. என்று இருக்கிறதே, இந்த 500 என்ன?" என்றார். விழித்தேன். ஃபோர்க் என்கிற, சுமையைத் தாங்கும் இரும்புக் கரத்தின் செங்குத்துப் பகுதியிலிருந்து சுமையின் மையம் வரை உள்ள தூரமாம். மையம் தள்ளிப் போகப் போக வண்டி தூக்கும் எடை குறையும். ஓட்டச் சொன்னார். பின்சக்கரம் திரும்புகிற வண்டி, வளைத்தால் பின்பக்கம் வெளியே வீசும். ரேக்கின் காலில் இடிக்க இருந்தேன். இறங்கச் சொல்லிவிட்டார்.

அவர்கள் அச்சிட்ட "அரசு அங்கீகார எண்" வெறும் உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிற யாரும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். பயிற்சியின் தரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லைசென்ஸ் என்பதும் பொய்; ஓட்டுநர் உரிமம் தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான். சேருமுன் ஓடுகிற வண்டியைக் கண்முன் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒருவருக்கு எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் கையில் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சான்றிதழ்தான் கொடுத்துவிட்டோமே" என்கிறார்கள். ரசீது கிடையாது; உரிமையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் அனுப்பவைத்தார்கள். அந்தப் பதிவையும் நோட்டீஸின் படத்தையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது பாதிப் பணம் தருவதாகத் தூது வருகிறது. முழுத் தொகையும் வராமல் புகாரைத் திரும்பப் பெறுவதாக இல்லை.