போன் செயலியா, ஸ்போர் பிரிண்டா? மார்கழிக் காட்டுக் காளானுக்கு எது சரி

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் காளான் குறைந்துவிடும். மிச்சம் கண்ணில் படுவதை அடையாளம் காண இரண்டு வழிகள்: போட்டோ எடுத்துச் செயலியிடம் கேட்பது, அல்லது காளானின் குடையைக் கொண்டுவந்து ஸ்போர் பிரிண்ட் எடுப்பது, அதாவது அதிலிருந்து உதிரும் ஸ்போர் எனும் வித்துத் தூளைத் தாளில் பதிய வைத்து நிறம் பார்ப்பது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

செயலி வேகம், காசும் கிடையாது. முதுமலை காப்பகத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் அங்கே போட்டோவைத் தவிர வேறு வழியுமில்லை. எடுப்பதானால் மூன்று படம் வேண்டும்: குடையின் மேல்பக்கம், அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள், மண்ணைத் தள்ளிவிட்டுத் தண்டின் அடி. பெரும்பாலும் முதல் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கொடிய விஷ வகைகள் கொண்ட அமானிட்டா இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடிப்பை, அதாவது தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் பை போன்ற உறை, மண்ணுக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

ஆனால் மூன்று படம் எடுத்தாலும் ஸ்போரின் நிறம் தெரியாது. அங்கேதான் முடிவே மாறுகிறது. வைக்கோல் காளானுக்கும் அடிப்பை உண்டு, அமானிட்டாவுக்கும் உண்டு. முன்னதன் தூள் இளஞ்சிவப்பு, பின்னதன் தூள் வெள்ளை. புல்தரையில் வெள்ளைக் குடையும் பழுப்புச் செதிலுமாக நிற்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸுக்கு இளசில் செவுளும் வெள்ளைதான். தாளில் விழும் தூள் மட்டும் மங்கிய பச்சை. தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு.

எடுக்கும் முறை: முழுசாக விரிந்த, புழு வைக்காத குடையைத் தேர்ந்து, தண்டைச் செவுள் மட்டத்தில் கத்தியால் நறுக்குங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் செவுள் கீழே இருக்கும்படி வையுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. கறுப்பு எதற்கென்றால் அதற்குத்தான். குடை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு டம்ளரைக் கவிழ்த்து மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் டம்ளரை எடுத்தால் செவுள்களின் கோடுகள் ஆரம் ஆரமாகத் தாளில் பதிந்திருக்கும். வெயிலில் வைத்து நிறம் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சம் ஏமாற்றும்.

பிரிண்ட் விழாமல் போவதற்குப் பனிக்காலத்தில் முக்கியக் காரணம் ஈரம். விடியற்காலையில் பறித்த குடை பனியில் ஊறியிருக்கும். செவுள் ஒட்டிக்கொண்டு தாளில் தண்ணீர்க் கறைதான் மிஞ்சும். ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்திவிட்டு வையுங்கள். செவுளை மூடிய சவ்வு கிழியாத மொட்டிலும் தூள் விழாது. அதை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதே மேல். பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தால் வியர்த்து அழுகும். காகிதப் பை போதும்.

இதற்கும் எல்லை உண்டு. இளஞ்சிவப்புத் தூள் வைக்கோல் காளானுக்கும் புற்றுக் காளானுக்கும் மட்டுமல்ல, விஷமுள்ள என்டோலோமாவுக்கும் உண்டு. நிறம் சந்தேகத்தைச் சுருக்கும். தின்னலாம் என்று சான்று தராது. சமைக்கும்போது போட்ட வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி தின்றால் நல்லது என்பதையெல்லாம் நம்பவே வேண்டாம். கொடிய அமானிட்டாக்களின் விஷம் வேகவைத்தாலும் போகாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி காட்டும், பிறகு ஈரலைத் தாக்கும்.

பட்ட மரத்தில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் கட்டைக் காளானுக்கு மட்டும் நானும் போனைத்தான் எடுப்பேன். மரம்போல இறுகிப்போனதிலிருந்து ஒரு ராத்திரியில் தூள் விழுவது அபூர்வம்.