வண்ணாரப்பேட்டை வளைவில் ரயில் ஓட்ட எது ஏற்றது: ஜாவாஎஃப்எக்ஸ், டபிள்யூபிஎஃப், க்யூட்

கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம் வழியாக வரும் புறநகர்த் தடம் வண்ணாரப்பேட்டையைத் தாண்டியதும் பிரிகிறது. ஒன்று கொருக்குப்பேட்டைக்கு, இன்னொன்று வியாசர்பாடி ஜீவாவுக்கு. மாலையில் என்னிடம் நிரல் பழக வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவைத்தான் பயிற்சியாகக் கொடுக்கிறேன்: தடத்தைத் திரையில் வரைந்து, அதன் மேல் 12 பெட்டி ரயிலை ஓட்ட வேண்டும். வளைந்த பாதையில் ஒரே ஒரு வட்டத்தை நகர்த்த எந்தக் கருவியும் போதும். ரயில் என்று வந்துவிட்டால் பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி மாறவே கூடாது. அங்கேதான் திரையில் வரைந்து நகர்த்த உதவும் இந்த மூன்று நிரல் கருவிகளின் குணம் தெரியும்.

முதலில் ஜாவா மொழிக்கான ஜாவாஎஃப்எக்ஸ். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரு வடிவத்தைப் பாதை வழியே நகர்த்தும் பாத் ட்ரான்சிஷனிடம் வடிவத்தையும் பாதையையும் கால அளவையும் கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். வடிவத்தின் மையத்தைத் தானே பாதையின் மேல் வைத்துக்கொள்ளும். தடத்தின் போக்குக்குத் திரும்ப வேண்டுமானால் அதன் ஓரியன்டேஷன் என்ற அமைப்பை ஆர்த்தோகனல் டு டேன்ஜென்ட் என்று மாற்ற வேண்டும். இயல்பில் அது திரும்பாது. வேகம் எப்படிக் கூடிக் குறைய வேண்டும் என்று சொல்லும் இன்டர்போலேட்டர் இயல்பில் ஈஸ் போத், அதாவது மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும். ஒற்றை வடிவத்துக்கு அது அழகு. ரயிலுக்கு ஆகாது. ஒவ்வொரு பெட்டிக்கும் சற்றே தாமதம் கொடுத்து ஓட்டினால், வேகம் குறையும் இடங்களில் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். சீரான வேகம் தரும் லீனியர் என்று மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டும் ஒரு பேரலல் ட்ரான்சிஷனுக்குள் போட்டு, வேகத்தை அதன் ரேட் வழியாக மட்டும் மாற்றினால் இடைவெளி காப்பாற்றப்படும். கிளம்பும் புள்ளியில் பெட்டிகள் குவிந்து நிற்பதை மறைக்க, பாதையைத் திரைக்கு வெளியிலிருந்தே தொடங்கலாம். பாதையின் நீளத்தைக் கேட்டு வாங்க மட்டும் பொதுவில் வழியில்லை. ஜாவா நிரல் எழுதத் தேவையான தொகுப்பான ஜேடிகேயின் 11ஆம் பதிப்பு முதல் ஜாவாஎஃப்எக்ஸ் தனியாகத்தான் வருகிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் 2006இல் டாட்நெட் 3.0உடன் வந்தது, விண்டோஸில் மட்டும் ஓடும். இதில் மேட்ரிக்ஸ் அனிமேஷன் யூசிங் பாத், டஸ் ரொட்டேட் வித் டேன்ஜென்ட் இரண்டும் சேர்ந்தால் நகர்வும் திருப்பமும் ஒன்றாகக் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: பாதையில் உட்காருவது வடிவத்தின் மையமல்ல, அதன் சுழிப்புள்ளி. செவ்வகத்தை வழக்கம்போல் இடது மேல் மூலையிலிருந்து வரைந்தால் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும். ஆகவே மையம் (0,0)இல் விழும்படி வரைய வேண்டும். இதன் உண்மையான பலம், பாதையின் வடிவத்தை வைத்திருக்கும் பாத் ஜியாமெட்ரியிடம் உள்ள கெட் பாயின்ட் அட் ஃப்ராக்ஷன் லெங்த். மொத்த நீளத்தில் இவ்வளவு பங்கு என்று சொன்னால், அந்த இடத்தின் புள்ளியையும் திசையையும் கொடுத்துவிடும். மொத்த நீளத்தை மட்டும், பாதையைக் குறுங்கோடுகளாக்கி நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

சி++ மொழிக்கான க்யூட்டில் பாதையை வைத்திருப்பது பெயின்டர் பாத். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பாயின்ட் அட் பெர்சென்ட் என்ற பெயரைப் பார்த்து, 0.5 என்றால் பாதித் தூரம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நேர்கோட்டில் அது சரி. வளைவுத் துண்டுக்குள் அந்த எண், வளைவை வரையும் பெசியே சமன்பாட்டின் டி மதிப்பாகிவிடுகிறது (துண்டின் தொடக்கத்தில் 0, முடிவில் 1). தூரத்தோடு சீராகப் போகாது. வளைவின் வடிவத்தை இழுத்து அமைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நெருங்கிய முனையில் ரயில் ஊரும், விலகிய முனையில் பாயும். மருந்தும் அதே பெயின்டர் பாத்தில் இருக்கிறது: லெங்த் மொத்த நீளத்தைச் சொல்லும்; பெர்சென்ட் அட் லெங்த் ஒரு தூரத்துக்கு உரிய டி எது என்று சொல்லும். முதல் பெட்டி எஸ் தூரத்தில் என்றால் அடுத்தது எஸ் கழித்தல் பெட்டி நீளம். இவ்வளவு நேரடியாக எழுத மற்ற இரண்டிலும் முடியாது. ஆங்கிள் அட் பெர்சென்ட் தரும் கோணம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கூடுகிறது, வடிவத்தைச் சுழற்றும் ரொட்டேஷனோ கடிகாரத் திசையில். குறியை மாற்றாவிட்டால் பெட்டி வளைவுக்கு மாறாக முறைத்துக்கொண்டு நிற்கும்.

வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, பெட்டியோட முனை ஏன் தண்டவாளத்த விட்டு இவ்ளோ வெளிய தொங்குது?" மூன்று கருவிக்கும் பொருந்தும் கேள்வி. தொடுகோட்டின்படி திரும்பும் பெட்டி ஒரே புள்ளியில் பாதையைத் தொடுகிறது. நிஜப் பெட்டி இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை கட்டிய பழைய வகைப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ.; தொகுதி மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ. புறநகர் ரயிலின் அளவு வேறு என்றாலும் திரைக்கு இந்த விகிதம், சுமார் 0.69, போதும். பாதையில் இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றை இணைக்கும் கோட்டின் மேல் பெட்டியை வைத்தால் நடுப்பகுதி கொஞ்சம் உள்ளே போகும், முனைகள் கொஞ்சம்தான் வெளியே வரும். மேம்பாலத்திலிருந்து பார்க்கும் ரயில் அப்படித்தான் வளைகிறது. ஜாவாஎஃப்எக்ஸில் இதற்காகக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக ஓடவிட்டுப் பெட்டியை அவற்றோடு கட்ட வேண்டும். முடியும், ஆனால் 24 ட்ரான்சிஷன்கள்.

க்யூட்டிலும் விலை உண்டு. 12 பெட்டிக்கு இரண்டு புள்ளி, வினாடிக்கு 60 சட்டகம் என்றால் வினாடிக்கு 1,440 முறை நீளக் கணக்கு. முப்படி பெசியே வளைவின் நீளத்துக்குப் பொதுவான நேர்ச் சூத்திரம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் தோராயமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்திலேயே பாதையை நுண்ணிய துண்டுகளாக்கி, தூரத்துக்கு எதிரே புள்ளியை எழுதிய அட்டவணை ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஓடும்போது அதில் தேடி எடுத்தால் போதும்.

என் தேர்வு: ஒற்றை வடிவமும் மாறாத பாதையும் என்றால் ஜாவாஎஃப்எக்ஸ். விண்டோஸ் மட்டுமே, சி ஷார்ப் தெரியும் என்றால் டபிள்யூபிஎஃப். ரயிலுக்குத் தயங்காமல் க்யூட், கூடவே அந்த அட்டவணை. தடம் பிரியும் இடத்தில் அட்டவணையின் பயன் இன்னும் கூடும். எந்தப் பக்கம் போவது என்று ஓட்டத்தின் நடுவே முடிவானால், பொதுத் தடம், கொருக்குப்பேட்டைக் கிளை, ஜீவா கிளை என மூன்று அட்டவணை வைத்துக்கொண்டு, முதல் பெட்டி பிரிவை எட்டும்போது கிளையை முடிவுசெய்து அந்த ரயிலுக்கே எழுதிவைக்க வேண்டும். கடைசிப் பெட்டி கடக்கும்வரை அந்த முடிவு மாறக் கூடாது. மாறினால் பாதி ரயில் கொருக்குப்பேட்டைக்கும் மீதி வியாசர்பாடிக்கும் போகும்.