மோகி சூத்திரமா, ஃபைனைட் எலிமென்ட்டா?

நாகர்கோவில் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாலே பக்கத்து வீட்டுத் தம்பி கேட்பான்: "அண்ணே, மருந்துவாழ்மலை வெடிக்கவா போவுது?" வெடிக்காது. ஆனால் எங்கோ ஒரு எரிமலையின் தரை வீங்குவதை இங்கிருந்தே கணக்குப் போடலாம். அதற்கு இரண்டு வழி: மோகி சூத்திரம், ஃபைனைட் எலிமென்ட்.

ஜப்பானின் கியோ மோகி 1958-இல் தந்த சூத்திரம் ஒரு எக்செல் தாளில் அடங்கும். எரிமலைக்கு அடியில் உருகிய பாறை தேங்கும் மாக்மா அறையை வெறும் புள்ளியாக எடுத்துக்கொள்ளும். தேவை நான்கே எண்கள்: இடத்துக்கு இரண்டு, ஆழம், அறையின் கன அளவு மாற்றம். 4 கி.மீ. ஆழத்தில் 1 கோடி கனமீட்டர் கூடினால் நேர் மேலே தரை சுமார் 15 செ.மீ. எழும், 4 கி.மீ. தள்ளிப்போனால் 5 செ.மீ.தான். நடு உப்பி ஓரம் தணிந்த ஆப்பம்!

ஃபைனைட் எலிமென்ட் என்னும் கம்ப்யூட்டர் கணக்கு நிலத்தை ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கும். மலைச்சரிவு, பாறை அடுக்கு, சூட்டில் இளகிய பாறை எல்லாம் ஏற்றலாம். 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் இத்தாலியின் எட்னா எரிமலைக்கு இதுதான் சரி. தரை தட்டை என்று நம்பும் மோகி அங்கே ஆழத்தைத் தப்பாகச் சொல்லிவிடும். என்ன, ஆடிக்காற்றில் கரண்ட் போனால் ராத்திரி முழுக்க ஓடிய கணக்கு அம்போ. எனக்கு இரண்டு தடவை ஆச்சு.

நான் முதலில் மோகியைத்தான் போடுவேன். தரை எவ்வளவு எழுந்தது என்று காட்டும் ஜிபிஎஸ் அளவுகளோடு அது ஒட்டாதபோதுதான் மற்றதைத் தொடுவேன்.