வேகம் தருகிறோம் என்று 12 மாதச் சந்தாவை விழுங்கிவிட்டார்கள்: கேஷ் சேவை வாங்குமுன் படியுங்கள்

12 மாதச் சந்தா. மொத்தமும் முன்பணம். "ரீஃபண்ட் கிடையாது" என்ற பதில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். உங்கள் தளத்துக்கு முன்னால் தங்கள் சர்வரை நிறுத்தி, டைனமிக் பக்கங்களை (கேட்கும்போதெல்லாம் சர்வர் புதிதாக உருவாக்குபவை) கேஷ் செய்து, அதாவது ஒருமுறை உருவானதைச் சேமித்து வைத்து அடுத்தவர்களுக்கும் கொடுத்து, வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் சேவைகளில் ஒன்று.

நம்பியது டெமோவைப் பார்த்து. திரையைப் பகிர்ந்து, டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, என் ஆன்லைன் கடைத் தளத்தின் முகப்பை லோட் செய்தார்கள். முதல் பைட் வர 1.8 விநாடி. பிறகு தங்கள் சர்வர் வழியாகத் திருப்பினார்கள்: 70 மில்லி விநாடி. ரீஃப்ரெஷ், 64. இன்னொரு தடவை, 66. யாருக்குத்தான் ஆசை வராது? அந்த எண்களில் பொய்யே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். லாகின் செய்யாத ஒருவர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் எந்தக் கேஷும் அப்படித்தான் பறக்கும். பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி நிரல் ஓட வேண்டாம், டேட்டாபேஸைத் தொட வேண்டாம், செய்து வைத்த எச்டிஎம்எல்லை எடுத்து நீட்டினால் போதும். "கார்ட்டில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு இதையே காட்டுங்கள்" என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 12 மாதத்துக்கும் கட்டியாயிற்று.

இரண்டாம் வாரம் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து புகார்: கார்ட்டில் தான் போடாத பொருள், டெலிவரி முகவரியில் யாரோ ஒருவர் பெயர்.

இது எப்படி நடக்கிறது என்றால், கேஷ் ஒரு பக்கத்தை அடையாளம் காண்பது பொதுவாக டொமைனையும் யூஆர்எல்லையும் வைத்துத்தான்; அதுதான் கேஷின் சாவி. பார்ப்பவர் யார் என்று சொல்லும் குக்கீ (பிரவுசரில் இருக்கும் சிறு குறிப்பு) அந்தச் சாவியில் சேராது. அதனால்தான் ஒழுங்கான மென்பொருள்கள் குக்கீயைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கின்றன. செட்-குக்கீ ஹெடர் (குக்கீயை வைக்கச் சொல்லி, பதிலோடு பிரவுசருக்குப் போகும் குறிப்பு) உள்ள பதிலை என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் தானாகச் சேமிக்காது. வார்னிஷ் என்ற கேஷ் மென்பொருள் இன்னும் கறார். கோரிக்கையில் குக்கீ வந்தாலே கேஷில் தேடாமல் பின்னால் உள்ள சர்வரிடம் தள்ளிவிடும். போதாததற்கு, பிஎச்பி செஷன் (ஒருவரின் லாகினையும் கார்ட்டையும் நினைவில் வைக்கும் பதிவு) தொடங்கியதுமே கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் நோ-ஸ்டோர், அதாவது சேமிக்காதே, என்று எழுதி அனுப்புகிறது. இத்தனை பூட்டுகளையும், ஹிட் விகிதத்தை (கேஷிலிருந்தே போகும் பதில்களின் பங்கு) ஏற்றிக் காட்டுவதற்காக, இந்தப் புண்ணியவான்கள் கழற்றியிருந்தார்கள்.

ஆதாரம் ஹெடரிலேயே இருந்தது. குக்கீ எதுவும் அனுப்பாமல் கர்ல் கட்டளையில் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தைக் கேட்கும் கருவி) கேட்டால் வந்த பதில்: எக்ஸ்-கேஷ், ஹிட். ஏஜ் (கேஷில் இருந்த நேரம்), 1412 விநாடி. அதற்குக் கீழேயே கேஷ்-கண்ட்ரோல், நோ-ஸ்டோர். அதற்கும் கீழே செட்-குக்கீயில் ஒரு செஷன் எண். வேறொரு கணினியிலிருந்து கேட்டாலும் அதே செஷன் எண். அதாவது 23 நிமிடத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்குக் கொடுத்த செஷன் எண்ணை, அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் ஒரே செஷனில் இருந்தால் கார்ட்டும் ஒன்றுதானே!

இது ஒன்றும் கேள்விப்படாத விபத்து இல்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில், தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட கேஷ் அமைப்பு ஒன்றால் சுமார் 34,000 பேரின் பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் படும் நிலை வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

முதல் புகார் டிக்கெட்டுக்குப் பதில்: "பிரவுசர் கேஷைக் கிளியர் செய்து பாருங்கள் சார்." இரண்டாவதற்கு: "உங்கள் தீம் பிரச்சினை." மூன்றாவதற்கு ஹெடர்களை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பினால், "எங்கள் பக்கம் இன்காக்னிட்டோவில் சரியாக வருகிறது." இன்காக்னிட்டோவில் வரும், ஏன் வராது? அங்கே அடுத்தவர் கார்ட் காலியாக இருந்திருக்கும்.

பிறகு சத்தம் போட்டதும் ஒரு "தீர்வு" செய்தார்கள். எந்தக் குக்கீ இருந்தாலும் கேஷைத் தாண்டிவிடு என்ற விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலேயே அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட் எல்லோர் பிரவுசரிலும் ஒரு குக்கீயைப் போட்டுவிடும். ஆகவே இரண்டாம் பக்கத்திலிருந்து அத்தனை பேருக்கும் பழைய 1.8 விநாடிதான். முதல் பக்கமாவது ஹிட் ஆகிறதா? விளம்பரத்திலிருந்து வருபவர்களின் யூஆர்எல்லில் யூடிஎம், எஃப்பிகிளிட் என்று, எங்கிருந்து வந்தார்கள் எனக் காட்டும் வால் தொங்கும். எஃப்பிகிளிட் ஒவ்வொரு கிளிக்குக்கும் வேறு, அதனால் ஒவ்வொன்றும் புதுச் சாவி, ஒவ்வொன்றும் மிஸ், அதாவது கேஷில் இல்லை. அதை வெட்டிவிட்டுச் சாவி உண்டாக்குவது அடிப்படை வேலை, அதுவும் செய்யவில்லை. கேஷ் செய்யாத கேஷுக்கு 12 மாதச் சந்தா!

ரீஃபண்ட் கேட்டதற்கு வந்த ஒரு வரி: "செட்டப் முடிந்துவிட்டதால் தொகையைத் திருப்ப இயலாது."

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். டெமோவில் இரண்டு கணினி, இரண்டு லாகின், கார்ட்டில் வெவ்வேறு பொருள் என்று கேளுங்கள். லாகின், கார்ட், செக்அவுட் பக்கங்களில் ஹிட் என்று வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எந்தெந்தக் குக்கீக்குக் கேஷைத் தாண்டும் என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்; "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றால் வேண்டாம். விலை மாற்றினால் முகப்பு மட்டுமில்லாமல் பொருள் பக்கமும் வகைப் பக்கமும் பர்ஜ் (கேஷில் உள்ள பழைய நகல் அழிதல்) ஆகிறதா பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருந்தால், டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) உங்கள் சர்வருக்கே திருப்பிய கையோடு சர்வரில் இருக்கும் செஷன்கள் அத்தனையையும் அழியுங்கள். எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், திட்டுவார்கள், பரவாயில்லை. அழிக்காவிட்டால் பகிர்ந்துபோன அந்தப் பழைய எண் பிரவுசர்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

இதை எழுதி முடிப்பதற்குள் நான்காவது டிக்கெட்டையும் "தீர்ந்தது" என்று குறித்து மூடிவிட்டார்கள்.