குளோரின் போட்ட தண்ணீர்: டிடிஎஸ் மீட்டரா, குளோரோஸ்கோப்பா, லேபா?

குளோரின் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. ஏரி, ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இலைதழை மக்கோடு சேர்ந்து குளோரோஃபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்களையும் உண்டாக்கிவிடும். ராட்டர்டாம் குடிநீரை ஆராய்ந்த யோஹானஸ் ரோக் 1974-இல் இதை எழுதினார். இவை அதிகமுள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இவைதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை.

சரி, நம் வீட்டுக் குழாயில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மறந்துவிடுங்கள். அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் கடக்கும் அளவை. குளோரோஃபார்முக்கு மின்னூட்டமே கிடையாது, மீட்டர் கண்ணுக்கு அது படாது. (ஆர்ஓ விற்க வருபவர் மின்சாரம் பாயும் கம்பியை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே, அந்த நிறம் பெரும்பாலும் கம்பியின் இரும்புதான்.)

தண்ணீரில் குளோரின் பார்க்கும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப் மலிவு, நேர்மையானது. மருந்தைச் சொட்டினால் மஞ்சள் ஏறும்; பக்கத்து வண்ணத்தோடு ஒப்பிட்டால் மிச்சமிருக்கும் குளோரின் தெரியும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐஎஸ் 10500. ஆனால் இது சொல்வது குளோரினை மட்டும்தான். ஒரே மஞ்சள் காட்டும் இரண்டு குழாய்களில், மக்கு அதிகமுள்ள, குழாயில் நெடுநேரம் கிடந்த தண்ணீரில் டிரைஹாலோமீத்தேன் பல மடங்கு இருக்கலாம். நிறமே வராவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், கிருமியைக் கொல்ல குளோரினே இல்லை என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு நாளைக்கே வரலாம், புற்றுநோய் பற்றிய கவலை அப்புறம்.

ஆக, விடை லேபில்தான், ஆவியாகும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி வழியாக. வழக்கமான குடிநீர் பேக்கேஜில் இது இருக்காது. டிரைஹாலோமீத்தேன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரி எடுப்பதில்தான் சூட்சுமம். லேப் தரும் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் குளோரினை நிறுத்தும் தயோசல்ஃபேட் இருக்கும், அதைக் கழுவிவிடக் கூடாது. விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஏறக் கூடாது, ஏறினால் ஆவியாகும் பொருள் அதற்குள் போய்விடும். ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். வெயில் காலத்தில் எடுத்தால் நல்லது, சூட்டில் இவை வேகமாக உருவாகும்.

ரிப்போர்ட்டில் குளோரோஃபார்ம் வரம்பு இந்தியாவில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அமெரிக்காவில் நான்கு டிரைஹாலோமீத்தேன்களும் சேர்த்தே 0.08. நான் அமெரிக்கக் கணக்கைத்தான் பார்ப்பேன். தாண்டினால் கார்பன் ஃபில்டர் போதும், கேட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றினால்.